கோபுரம் முங்கிய பிறகு

குமரி மாவட்டத்து முட்டத்திலிருந்து ஃபைபர் வள்ளத்தில் நான் முதல் தடவை கடலுக்குப் போனபோது மாமா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "லே மக்கா, கோயில் கோபுரம் முங்கிச்சுன்னா போனைப் பொதிஞ்சு வச்சுரு. பொறவு அது வெறும் டார்ச்தான்." அனுபவத்தில் சொன்ன பேச்சு என்று அன்று விட்டுவிட்டேன். பல வருடம் கழித்து ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு துல்லியம் என்று புரிந்தது.

ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் எங்கள் கரையில் கணியம் பார்த்துத்தான் மீன்பிடி இடத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கோபுரத்தையும் அதற்குப் பின்னாலுள்ள ஒரு மலையையும் நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். வேறு திசையில் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கீழே பாறைத்திட்டு இருக்கும், அதில் மீன் கிடக்கும். வேளிமலையும் மருந்துவாழ்மலையும் எங்களுக்குக் கோயில் மாதிரியே முக்கியமான அடையாளங்கள். கரை விலக விலக முதலில் மணல் மறையும், அப்புறம் தென்னை, அப்புறம் கோபுரம், கடைசியாக மலை. பூமி வளைந்திருப்பதால் நடப்பது இது. செல்போன் கோபுரத்தின் அலையும் ஏறக்குறைய இதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான்.

கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரமோ அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், அந்த உயரத்திலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். கோபுரம் நிற்கிற மேட்டையும் சேர்த்து 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்: ஏறத்தாழ 22.5 கிலோமீட்டர். வள்ளத்தில் நிற்கிறவனின் கண் தண்ணீருக்கு மேல் 3 மீட்டர் என்றால் இன்னும் 6 கிலோமீட்டர். ஆக, சுமார் 29 கிலோமீட்டரில் கோபுரத்தின் நுனி முங்கிவிடும். ரேடியோ அலை காற்றில் கொஞ்சம் கீழ்நோக்கி வளைவதால் அதற்கு 3.57க்குப் பதில் 4.12 போட வேண்டும். அதே உயரத்தில் செல்போன் கோபுரம் இருந்தால் 33 கிலோமீட்டர் வருகிறது. கோயில் கோபுரம் முங்கி நான்கு கிலோமீட்டர், அதாவது இரண்டு கடல் மைலுக்குச் சற்று மேல், போனதும் போன் செத்துவிடுகிறது. மாமாவிடம் வர்க்கமூலம் கிடையாது. ஆனால் கணக்கு சரி.

அப்படியென்றால் செல்போன் கோபுரத்தை இன்னும் உயரமாகக் கட்டினால் போதாதா? இந்தக் கேள்வியை எங்கள் ஊர் டீக்கடையில் கேட்காதவர் இல்லை. வர்க்கமூலம்தான் இங்கே எதிரி. தூரத்தை இரண்டு மடங்காக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். 40 மீட்டரை 160 மீட்டராக்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது 26 கிலோமீட்டர்தான், அதாவது 14 கடல் மைல். வாரக்கணக்கில் தங்கல் போகிற படகுக்கு அது கால் நாள் ஓட்டத்துக்கும் குறைவு.

சரி, மலை மேல் வைத்தால்? இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் குறுக்கே வருகிறது. 300 மீட்டர் உயர மலையில் வைத்த ஆன்டெனாவின் அலை கடலில் 70 கிலோமீட்டர் வரைகூடப் போகும். திரையில் இரண்டு கட்டை ரேஞ்சு தெரியும். கால் மட்டும் போகாது. "ரேஞ்சு இருக்கு, ஆனா விளி போவல" என்று நம் ஆட்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

இதற்கு இரண்டு காரணம். ஒன்று நேரம். ஜிஎஸ்எம் என்கிற 2ஜி முறையில் ஒரே அலைவரிசையை எட்டுப் போன்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற நேரம் 577 மைக்ரோ வினாடி, அதாவது ஒரு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். தூரத்தில் இருக்கிற போனின் பேச்சு தாமதமாக வந்து அடுத்தவரின் முறைக்குள் விழுந்துவிடக் கூடாது. அதனால், "நீ இவ்வளவு முன்கூட்டியே பேசத் தொடங்கு" என்று கோபுரம் ஒவ்வொரு போனுக்கும் ஓர் எண் கொடுக்கிறது. அந்த எண் 0 முதல் 63 வரைதான் போகும். ஒரு படி என்பது ஏறத்தாழ 550 மீட்டர். 63 படிக்கும் கணக்குப் பாருங்கள், 35 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் அலை எவ்வளவு பலமாக வந்தாலும் கோபுரம் போனைச் சேர்த்துக்கொள்ளாது. நீட்டிக்கப்பட்ட தூரத்துக்கென்று தனி அமைப்பு உண்டு, ஆனால் அதைப் போட்டால் ஒரே நேரத்தில் பேசக்கூடியவர்களின் எண்ணிக்கை குறைந்துவிடும். 4ஜியில் எவ்வளவு தூரம் என்பதை அமைக்கிற பொறியாளர்தான் முடிவு செய்கிறார். 100 கிலோமீட்டர் வரைகூட வைக்க முடியும். ஆனால் நகரத்துக்கும் ஊருக்கும் போதுமான சிறிய அளவுதான் வழக்கம்.

இரண்டாவது காரணம் பலம். கோபுரம் பத்து, இருபது வாட்டில் கத்துகிறது. உங்கள் கையிலிருக்கிற 4ஜி போன் பதில் பேசுவது அதிகபட்சம் 0.2 வாட்டில். ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிடுகிற ஆளுக்குக் கிசுகிசுத்துப் பதில் சொல்கிற மாதிரி. அங்கிருந்து வருவது இங்கே கேட்கும், இங்கிருந்து போவது அங்கே கேட்காது. இந்த ஒருவழிக் குறைபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கரையோரப் போனில் தொடங்கி 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள் வரை கடல் தொலைத்தொடர்பின் முக்கால்வாசிச் சங்கடம் இதுதான்.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்லிவிடலாம், அது தொழில்நுட்பம் அல்ல, வியாபாரம். கோபுரத்தின் ஆன்டெனாக்களைப் பெரும்பாலும் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தே வைப்பார்கள். வாடிக்கையாளர்கள் இருப்பது தெருவில். கடலைப் பார்த்து அலையை வீசுவது அவர்கள் கணக்கில் வெட்டிச் செலவு.

வள்ளத்தில் ரேஞ்சு போகிற இடத்தை நெருங்கும்போது ஒரு காட்சி தவறாமல் நடக்கும். ஒருவன் போனைப் பிடித்தபடி பெட்டி மேல் ஏறி நிற்பான். மற்றவர்கள் கேலி செய்வார்கள். ஆனால் 3 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்குப் போனால் 1 கிலோமீட்டர் லாபம். வீட்டுக்கு ஒரு "வெச்சிரட்டா" சொல்ல அது போதும்.

அதற்குப் பிறகு மிச்சம் இருப்பது வயர்லெஸ் என்று எல்லோரும் சொல்கிற விஎச்எஃப் பெட்டி. விசைப்படகில் பொருத்துவது 25 வாட். கையில் வைத்துக்கொள்வது 5 வாட். ஆபத்துக்கு உலகம் முழுக்க 16ஆம் சேனல். இதற்கும் அதே அடிவானம்தான் எல்லை. இரண்டு படகிலும் ஆன்டெனா 6 மீட்டர் உயரத்தில் இருந்தால் தங்களுக்குள் 20 கிலோமீட்டர், 11 கடல் மைல். கரையில் உயரமான ஆன்டெனா இருந்தால் இன்னும் தாண்டும். சில மாதங்களில் கடலின் மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும்போது அலை அந்த அடுக்குக்குள் சிக்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். யாரோ முகம் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ மீன் விலை பேசுவது காதருகே கேட்கும். அடுத்த நாள் அது இருக்காது. அதை நம்பி ஒரு உயிரை வைக்க முடியாது.

படகுகள் இந்தக் குறையைத் தங்கள் வழியில் சமாளித்தன. கரைக்கு அருகில் இருக்கிற படகு அடுத்த படகுக்குச் சொல்லும், அது அதற்கடுத்ததுக்கு. சங்கிலிபோல் போகும். சங்கிலியில் ஒரு படகு குறைந்தாலோ ஒரு பேட்டரி இறங்கினாலோ செய்தி அங்கேயே நின்றுவிடும்.

இந்தச் சங்கிலி எட்டாத இடத்தில்தான் எங்கள் மாவட்டத்தின் பெரிய ஆழ்கடல் கூட்டம் வேலை செய்கிறது. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை: கேரள எல்லையையொட்டிய இந்த எட்டு ஊர்க்காரர்கள் தூண்டில் போட்டுச் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பேர்பெற்றவர்கள். தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் கொச்சியிலிருந்தும் கிளம்பினால் ஒரு மாதம், நாற்பது நாள் என்று கடலிலேயே இருப்பார்கள். லட்சத்தீவைத் தாண்டியும் போவார்கள். ஒரு படகில் பத்துப் பன்னிரண்டு பேர், அரிசி, ஐஸ், டீசல், ஒரு மாதாப் படம். படகுகள் கூட்டமாகப் போகும்போது அதை ஒரு தீவு என்றே சொல்லலாம். நகர்கிற தீவு என்பதால் கேபிள் போட வழியில்லை, அவ்வளவுதான்.

2017 நவம்பர் கடைசியில் அந்தத் தீவுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. 29ஆம் தேதி இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30ஆம் தேதி காலை குமரிக்கடலில் ஒக்கி புயலாக மாறிவிட்டது. ஒரே நாள். மணிக்கு 8 கடல் மைல் ஓடுகிற படகு 100 கடல் மைலுக்கு அப்பால் இருந்தால், எச்சரிக்கை அந்த நிமிடமே கிடைத்தாலும் கரைக்கு வர 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எச்சரிக்கையே கிடைக்காவிட்டால்? பலர் கடலோடு போய்விட்டார்கள். பலர் காற்று தள்ளிய பக்கமே ஓடிப் பிழைத்தார்கள். சிலர் லட்சத்தீவில் கரையேறினார்கள். மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகத்தில் 952 பேரோடு 68 படகுகள் ஒதுங்கின. அவற்றில் 66 கேரளத்தில் பதிவானவை, 2 தமிழ்நாட்டில் பதிவானவை. அவர்கள் அங்கே உயிரோடு இருந்தபோது வீட்டில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. ஊரில் அந்த நாட்களில் போன் அடித்தால் எடுப்பதற்குப் பயந்தவர்களும் இருந்தார்கள், அடிக்காததற்குப் பயந்தவர்களும் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு பெட்டிகள் வந்தன. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட, எதற்கு வாய் இருக்கிறது, எதற்குக் காது இருக்கிறது என்று பிரித்தால் விஷயம் சட்டென்று புரியும்.

இந்தியாவின் சொந்த ஜிபிஎஸ் போன்ற நாவிக்கின் செய்திப் பெட்டிக்கும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் 2019 அக்டோபரில் வெளியிட்ட ஜெமினி கருவிக்கும் காது மட்டும். செயற்கைக்கோளிலிருந்து வருகிற புயல் எச்சரிக்கை, அலை உயரம், மீன் கிடைக்கக்கூடிய இடம் எல்லாவற்றையும் வாங்கும். ஜெமினி அதை புளூடூத் வழியாகப் போனுக்குத் தரும், தமிழிலும் படிக்கலாம். ரேஞ்சு இல்லாத கடலில் செத்துப்போன போனுக்கு மறுபடி ஒரு வேலை கிடைத்தது. ஆனால் "எஞ்சின் நின்னுபோச்சு, வாங்க" என்று திருப்பிச் சொல்ல வழியில்லை.

ஆபத்து அறிவிப்புக் கருவி, டாட் என்பார்கள், நேர் எதிர். அதற்கு வாய் மட்டும். பொத்தானை அமுக்கினால் படகு இருக்கும் இடமும் ஆபத்தின் வகையும் செயற்கைக்கோள் வழியாகச் சென்னையில் உள்ள கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்துக்குப் போகும். போனதா, யாராவது பார்த்தார்களா என்று அமுக்கியவனுக்குத் தெரியாது. 2010 முதல் புழங்கிய கருவி அது. பதில் திரும்பி வருகிற இரண்டாம் தலைமுறை டாட் வந்தது 2024 ஜனவரியில்தான். நடுக்கடலில் எஞ்சின் நின்ற இரவில் "உங்கள் செய்தி கிடைத்தது" என்கிற ஒரு வரிக்கு என்ன மதிப்பு என்று கரையில் உட்கார்ந்து யோசிக்கிறவர்களுக்குப் பதினான்கு வருடம் தேவைப்பட்டதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

ஏன் இவ்வளவு காலம்? இங்கேயும் கிசுகிசுப்புத்தான் பிரச்சினை. புவிநிலைச் செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது பெரிய சத்தத்தில் பேச முடியும், சின்னக் கருவி கேட்டுக்கொள்ளும். சின்னக் கருவி பேசினால் அங்கே கேட்க வேண்டுமானால் மேலே காது பெரிதாக இருக்க வேண்டும். 2015 ஆகஸ்டில் ஏவப்பட்ட ஜிசாட்-6இல் 6 மீட்டர் அகல ஆன்டெனா இருக்கிறது. குடைபோல மடக்கி ஏற்றி, மேலே போனபின் விரித்தது. இப்போது படகுகளில் பொருத்தப்படும் டிரான்ஸ்பாண்டர் அப்படிப்பட்ட காதை நம்பித்தான் வேலை செய்கிறது. இஸ்ரோ உருவாக்கிய இந்தக் கருவியில் இருபக்கமும் குறுஞ்செய்தி போகும். கரையோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஒரு லட்சம் படகுகளுக்கு 364 கோடி ரூபாயில் இதைப் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்தார்.

தெரிந்த ஒரு ஸ்ராங்கின், அதாவது படகை ஓட்டும் தலைவரின், படகில் இந்தப் பெட்டியைப் பார்த்தேன். சுக்கான் பிடிக்கிற அறையான வீல்ஹவுஸின் கூரையில் கவிழ்த்த சட்டி அளவுக்கு வெள்ளையாக ஒன்று, கீழே போனில் ஒரு செயலி. "பேச முடியாது, எழுதலாம்" என்றார். எழுதிக் காட்டச் சொன்னேன். "சாப்பாடு ஆச்சு" என்று தட்டினார். அவரிடம் ஒரு தயக்கமும் இருந்தது. எல்லையை நெருங்கினால் எச்சரிக்கிற பெட்டி, படகு எங்கே நிற்கிறது என்று கரைக்கும் காட்டும். இந்தியப் பெருங்கடலில் உள்ள டீகோ கார்சியா தீவுப் பக்கம் போய்ப் பிரிட்டிஷ்காரர்களிடம் மாட்டிய கதைகள் எங்கள் ஊர்களில் நிறைய. நல்ல மீன் கிடைத்த இடத்தை அடுத்த படகுக்கே சொல்லாதவர்கள், அரசாங்கத்துக்குக் காட்ட யோசிப்பதில் ஆச்சரியம் இல்லை. இந்தத் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்கினால் பெட்டி கூரையில் இருக்கும், சுவிட்ச் அணைந்திருக்கும்.

சாட்டிலைட் போன் இருந்தால் இத்தனை பாடே இல்லையே என்று கேட்கலாம். 2008 மும்பைத் தாக்குதலை நடத்தியவர்கள் ஒரு மீன்பிடிப் படகைப் பிடித்துக்கொண்டு கடல் வழியாக வந்தார்கள், சாட்டிலைட் போன் வைத்திருந்தார்கள். அதன்பின் துரையா, இரிடியம் வகைப் போன்கள் இந்தியக் கடலிலும் கரையிலும் தடைசெய்யப்பட்டவை. அனுமதியோடு கிடைப்பது பிஎஸ்என்எல் வழியாக வரும் இன்மார்சாட் மட்டும். ஒக்கிக்குப் பிறகு ஆழ்கடல் படகுகளுக்கு மானியத்தில் சில வந்தன. போனின் விலையும் பேசுகிற கட்டணமும் சாதாரணப் படகுக்குத் தாங்காது.

நகராத தீவுகளின் கதை வேறு மாதிரி முடிந்தது. லட்சத்தீவில் மக்கள் வாழ்கிற தீவுகள் பத்து. 2011 கணக்குப்படி 64,473 பேர். பவழத்தீவுகள் என்பதால் மலை கிடையாது, கடல் மட்டத்துக்கு மேல் சில மீட்டர்தான். அங்கே உயரம் என்றால் தென்னையும் கலங்கரை விளக்கமும் செல்போன் கோபுரமும்தான். தீவுக்குள் பேச அந்தக் கோபுரம் போதும். தீவை விட்டு வெளியே பேசத்தான் வழியில்லை. எல்லாப் பேச்சும் செயற்கைக்கோள் வழியாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர், கால் வினாடி. பதில் வர இன்னொரு கால் வினாடி. "ஹலோ" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லி, ஒரே நேரத்தில் நிறுத்தி, மறுபடி ஒரே நேரத்தில் தொடங்குகிற அந்தத் தடுமாற்றம் கால் வினாடியின் வேலை. அதைவிட மோசம், தீவுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இருந்த இணையக் கொள்ளளவு 1.7 ஜிபிபிஎஸ், அதாவது வினாடிக்கு 1.7 கிகாபிட்தான். நகரத்தில் சில அடுக்குமாடிகள் சேர்ந்து பயன்படுத்துகிற அளவு.

2020 ஆகஸ்ட் 15 அன்று 1,000 நாளில் கேபிள் என்று அறிவித்தார்கள். 2024 ஜனவரி 3 அன்று கொச்சியிலிருந்து மினிக்காய், கவரத்தி, அகத்தி, அந்த்ரோத் உட்பட, மக்கள் வாழும் பத்தோடு பங்காரத்தையும் சேர்த்து 11 தீவுகளுக்கு கண்ணாடி இழைக் கேபிள் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 1,870 கிலோமீட்டர், செலவு ஆயிரம் கோடிக்கு மேல். கொள்ளளவு 200 ஜிபிபிஎஸ் ஆனது. 500 கிலோமீட்டர் கண்ணாடி இழையைக் கடக்க ஒளிக்கு 2.5 மில்லி வினாடி போதும். கால் வினாடித் தடுமாற்றம் போய்விட்டது. நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. காற்று அடிக்கும்போது எங்கள் படகுகள் ஒதுங்குவது இந்தத் தீவுகளில்தான். இப்போது ஒதுங்குகிறவனால் வீட்டோடு வீடியோவில் பேச முடியும், அவன் தீவின் கோபுரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டால்.

ஆழ்கடலில் அந்தக் கேபிள் ரப்பர் குழாய் பருமன்தான். கரைக்கு அருகே இரும்புக் கவசம் போட்டுப் புதைப்பார்கள். உலகமெங்கும் கடலடிக் கேபிள்கள் அறுவதற்கு முதல் காரணம் சுறாமீனோ புயலோ அல்ல, நங்கூரமும் அடிமடி இழுவை வலையும்தான். மேல்மட்டத்தில் தூண்டில் போடுகிற தூத்தூர்க்காரர்களால் ஆபத்தில்லை. ஆழமில்லாத இடத்தில் அடிமடி இழுக்கிறவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சென்னையிலும் மும்பையிலும் கரையேறும் சீ-மீ-வி 4 என்கிற பன்னாட்டுக் கேபிள் 2005இலிருந்து ஓடுகிறது. சிங்கப்பூரிலிருந்து ஐரோப்பா வரைக்குமான பேச்சு அதில் போகிறது. இந்தியாவின் தென்முனையைச் சுற்றித்தான் அது போக வேண்டும். படகின் கீழே இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் உலகத்தின் இணையமே ஓடிக்கொண்டிருக்க, மேலே ஒருவன் பெட்டி மேல் ஏறி நின்று போனை வானத்துக்கு நீட்டிக்கொண்டிருப்பான்.

டிரான்ஸ்பாண்டர் பெரிய படகுக்குப் பொருந்துகிறது. மாமாவின் வள்ளத்துக்குக் கூரை கிடையாது, வீல்ஹவுஸ் கிடையாது. அலை அடித்தால் உட்காரும் பலகை வரை நனையும். அவர் போனை முதலில் பால் கவரில் சுற்றி, அப்புறம் மூடி இறுகிய பிளாஸ்டிக் கேனில் போட்டு, வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்துப் பலகைக்கு அடியில் கயிறு போட்டுக் கட்டுவார். கேனின் மேல் கறுப்பு மையில் 1554, 1093 என்று இரண்டு எண்கள். முதலாவது கடலோரக் காவல்படை, இரண்டாவது கடலோரப் போலீஸ். இரண்டும் இலவசம். கோபுரம் முங்காத வரைக்கும்.